கேட்டுத்தான் எடுத்தார்களா கர்ப்பப்பையை?

பெண்களே கேட்டதால்தான் எடுத்தோம் என்ற சமாதானத்தை நாம் ஏற்கவில்லை. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் சுமார் 82,000 பேரிடம் 2019-இல் அரசுக் குழு விசாரித்தது. 13,000-க்கும் மேற்பட்டோருக்குக் கர்ப்பப்பை இல்லை! தலித்துகளும் பஞ்சாராக்களும் நிறைந்த கூலிக்கூட்டம் அது. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே ‘கோய்த்தா’, அதாவது ஒரே அரிவாள். முன்பணம் வாங்கியாயிற்று, ஒருநாள் படுத்தால் அபராதம். இந்த நிலையில் கேட்பது சம்மதமா?

அதிக ரத்தப்போக்கு என்று வருபவருக்கு முதலில் கர்ப்பப் பரிசோதனை, ஹீமோகுளோபின், ஸ்கேன், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. 45 வயதைத் தாண்டியவர் என்றால் கர்ப்பப்பை உட்சவ்விலிருந்து திசு எடுத்துப் பார்க்க வேண்டும். பலருக்கு டிரானெக்சாமிக் அமில மாத்திரையிலோ, ஹார்மோன் மாத்திரையிலோ, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்திலோ கட்டுப்பட்டுவிடும். கத்தி கடைசி வழி. அங்கேயோ புற்றுநோய் பயத்தைக் காட்டி அதையே முதல் வழியாக்கினார்கள். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் இளம் வயதிலேயே எலும்பு பலமிழக்கும். அந்த எலும்போடுதான் மறுபடி கரும்புக்கட்டு சுமக்க வேண்டும்.

பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் பெண்களுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: மத்திய அரசின் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் ஏற்க வேண்டும். மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு வேண்டும் என்கின்றன அவை. தோழர்களே, உங்கள் மாவட்டத்தில் அந்தக் குழு இருக்கிறதா, எத்தனை முறை கூடியது? தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுவோம்.