இரு பகை ஒருங்கே வந்தால்

காய்ச்சலுற்றவரைக் காணச் செல்லும்போது, "என்ன நோய் என்று மருத்துவர் சொன்னார்?" என வினவுவது நம் வழக்கம். ஒரு பெயரைக் கேட்டவுடன் மனம் ஓரளவு அமைதி அடைகிறது. ஆயினும், ஓர் உடலில் ஒரு காலத்தில் ஒரு நோய்தான் புகும் என்பது இயற்கை வகுத்த விதியன்று. இரண்டு கிருமிகள், சில வேளை மூன்றுங்கூட, ஒருங்கே புகுவதுண்டு. இதனைக் கலப்புத் தொற்று என்பர். மழைக்காலக் காய்ச்சல்களுக்கு ஆண்டுதோறும் ஆளாகும் நம் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நலம் எனக் கருதி, இத்திங்கள் இதுபற்றிச் சில கூற விழைகிறோம்.

நாம் வாழும் இம்மும்பை மாநகரின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1918 ஜூன் திங்களில் துறைமுகப் பகுதியில் தலைகாட்டிய இன்புளுவென்சாக் காய்ச்சல், முதலில் எளியதாகவே தோன்றியது. செப்டம்பரில் மீண்டும் எழுந்தபோது அது பெருங்கொள்ளை நோயாயிற்று. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர் என ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்ட் பைபர் 1892-இல் சுட்டிய ஒரு பாக்டீரியாவே இந்நோய்க்குக் காரணம் என்று அந்நாளில் பலரும் நம்பினர். மனிதரைத் தாக்கும் இன்புளுவென்சா வைரஸை இங்கிலாந்து அறிஞர் மூவர் கண்டறிந்தது 1933-இல்தான்.

எனினும் பாக்டீரியாக்கள் குற்றமற்றவை அல்ல. 1918-இல் இறந்தோருள் 58 பேரின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களையும், எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பிணப் பரிசோதனைக் குறிப்புகளையும் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2008-இல் தம் முடிவை வெளியிட்டனர். பெரும்பாலான மரணங்களுக்கு, வைரஸைத் தொடர்ந்து வந்த பாக்டீரிய நிமோனியாவே காரணமாயிருந்தது என்பது அவர்கள் கண்ட உண்மை. வைரஸ் மூச்சுக்குழலின் உட்சுவரைச் சிதைத்தது. மூக்கிலும் தொண்டையிலும் தங்கியிருந்த பாக்டீரியாக்கள் அவ்வழியே நுரையீரலுள் இறங்கின.

இரு கிருமிகள் இவ்வாறு துணைசேர்வதை விலங்குகளிடத்தில் சோதித்துக் காட்டியவர் அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் ஷோப். பன்றிகளைத் தாக்கிய இன்புளுவென்சாவை ஆராய்ந்து 1931-இல் அவர் முடிவுகளை வெளியிட்டார். வைரஸை மட்டும் செலுத்தியபோது பன்றிகளுக்கு எளிய நோயே கண்டது. உடன் காணப்பட்ட பாக்டீரியாவை மட்டும் செலுத்தியபோது நோயே தோன்றவில்லை. இரண்டையும் சேர்த்துச் செலுத்தியபோதோ கடுநோய் விளைந்தது.

பயிர்களுக்கும் இந்நிலை உண்டு. 2011-இல் கென்யா நாட்டு மக்காச்சோள வயல்களில் இலைகள் மஞ்சளாகிச் செடிகள் கருகி மடிந்தன. ஆராய்ந்தபோது இருவகை வைரஸ்கள் ஒரே செடியில் குடிகொண்டிருந்தமை தெரிந்தது. தனித்து வந்தால் விளைச்சலைக் குறைப்பதோடு நின்றுவிடக்கூடியவை, இணைந்து வந்ததால் உழவரின் ஆண்டு உணவையே பறித்தன.

இனி நம் இல்லத்திற்கு வருவோம். மழைக்காலத்து மும்பையில் மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல் ஆகிய மூன்றும் ஒரே பருவத்தில் உலவுகின்றன. முதலாவது ஒட்டுண்ணியால் வருவது, இரண்டாவது வைரஸால், மூன்றாவது பாக்டீரியாவால். 2005 ஜூலை 26-இல் நகரை மூழ்கடித்த பெருவெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் பரவியதைப் பலர் மறந்திரார். தொடக்கத்தில் மூன்றுக்கும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி என்பனவே குறிகள். இரத்தத்தில் தட்டணுக்கள் குறைவதும் மூன்றிலும் நேரக்கூடும். ஆதலின், தட்டணுக்கள் குறைந்தமை ஒன்றைக் கொண்டே டெங்கு என்று துணிவது பிழை. டெங்கு உறுதியானாலும், உடன் மலேரியா இல்லை என்று ஆகிவிடாது. டெங்குவை அழிக்கத் தனி மருந்து இல்லை. மற்ற இரண்டிற்கும் உண்டு. ஒரு பெயர் கிடைத்ததென்று நின்றுவிட்டால், தீர்க்கக்கூடிய நோய் தீர்க்கப்படாமலே முற்றிவிடும்.

மலேரியாவிற்குள்ளேயும் இச்சிக்கல் உண்டு. விவாக்ஸ், பால்சிபாரம் எனும் இருவகை ஒட்டுண்ணிகள் ஒருவர் இரத்தத்திலேயே சேர்ந்து இருத்தல் கூடும். விவாக்ஸ் கல்லீரலில் ஒளிந்திருந்து பின்னர் மீண்டும் எழும். அதனை வேரறுக்க, மருத்துவர் குறித்த மாத்திரைகளைக் காய்ச்சல் தணிந்த பின்னும் குறித்த நாள்வரை உண்ணவேண்டும். இடையில் நிறுத்துவது தீங்கு.

ஆகவே நம் இல்லத்தார் கருத்தில் கொள்ள வேண்டியவை சில. காய்ச்சல் கண்டால், மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கி உண்ணுதல் தகாது. ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் டெங்குவில் இரத்தக் கசிவைத் தூண்டும். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் வைரஸை ஒன்றும் செய்யா. தேங்கிய வெள்ளநீரில் நடந்திருந்தால் அதனை மருத்துவரிடம் மறவாது கூறுக. மருத்துவம் தொடங்கிய பின்னும் காய்ச்சல் தணியாவிடினும், தணிந்து ஓரிரு நாளில் மீண்டும் ஏறினும், "வேறொன்றும் உடன் இருக்குமோ?" என்று கேட்கத் தயங்க வேண்டா. மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, இரத்தக் கசிவு, கண் மஞ்சளித்தல், சிறுநீர் குறைதல், மனக்குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் முதியோர் பலருக்கு இந்தியோ மராத்தியோ தெரியாது. "முந்தாநாள் விட்டது, நேற்று மாலை குளிரோடு திரும்பிற்று" என்னும் சொல்லே மருத்துவருக்கு வேண்டிய துப்பு. அது மொழியின்மையால் சொல்லப்படாமல் போய்விடுகிறது. காய்ச்சல் வந்த நாள், ஏறி இறங்கிய அளவு, உண்ட மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் நாள்தோறும் குறித்து, பழைய பரிசோதனைத் தாள்களோடு கொண்டு செல்க. மகனும் மருமகளும் வேலைக்குச் செல்லும் வீடுகளில், அண்டை வீட்டுத் தமிழிளைஞர் ஒருவர் உடன் சென்று பெரியவர் சொல்வதை மருத்துவருக்கு எடுத்துரைத்தால், அது பேருதவியாகும். சங்கத்து இளைஞர்கள் இம்மழைக்காலத்தில் இத்தொண்டினை மனமுவந்து மேற்கொள்ளுமாறு வேண்டிக்கொள்கிறோம்.