நிறுவனர் விலகினால் மட்டும் போதாது

பெண்களின் சமத்துவத்துக்காக வட்டார அளவில் இயங்கும் தொண்டு நிறுவனங்கள் பலவற்றில், அவற்றைத் தொடங்கி வளர்த்த தலைமுறை ஓய்வு பெறும் வயதைக் கடந்துகொண்டிருக்கிறது. அடுத்து யார் என்ற கேள்வி எழும்போது, நிறுவனரின் உறவினரையோ நெடுநாள் உடனிருந்த அலுவலரையோ அறிவித்து, ஒரு பாராட்டு விழாவோடு முடித்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. குடும்பத்திலும் கிராம சபையிலும் பெண்ணின் சொல்லுக்கு இடம் கேட்கும் அமைப்பு, தன் தலைமையை முடிவுசெய்கையில் தன்னை நம்பி வந்த பெண்களைக் கலந்தாலோசிக்காதிருப்பது அதன் கொள்கைக்கே முரணானது. தலைமை மாற்றம், நிறுவனர் செயல்திறனோடு இருக்கும்போதே, எழுதப்பட்ட விதிகளின்படி, அப்பெண்களின் வாக்கால் நடைபெற வேண்டும்.

இந்த முரணுக்கு அமைப்பின் சட்ட வடிவமும் ஒரு காரணம். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவாகும் சங்கத்துக்கு உறுப்பினர்கள் அடங்கிய பொதுக்குழு உண்டு. அதன் செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மிகக்கூடாது என்றாலும், அதே ஆட்கள் மீண்டும் தேர்வாவதற்குத் தடையில்லை. அறக்கட்டளையின் நிலை வேறு. அதன் சொத்தையும் நோக்கத்தையும் காக்கும் பொறுப்பேற்ற அறங்காவலர்கள், அறக்கட்டளைப் பத்திரம் இடமளித்தால், ஆயுள் முழுவதும் பதவியில் நீடிக்கவும் தமக்குப் பின் வருபவரைத் தாமே நியமிக்கவும் முடியும். பயன்பெறும் பெண்களுக்கு அங்கே வாக்குரிமை இல்லை. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமோ, அமைப்புசாராத் துறையின் சங்கங்களில் நிர்வாகிகளில் பாதிப் பேராவது அத்தொழிலில் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. அதற்கு இணையான கட்டாயம் தொண்டு நிறுவனங்களுக்கு இல்லை.

அகமதாபாத்தில் 1972-இல் இலா பட் தொடங்கிய ‘சேவா’ என்னும் சுயதொழில் பெண்கள் சங்கத்தின் வரலாறு இங்கே கருதத்தக்கது. தலைச்சுமை தூக்குவோர், காய்கறி விற்போர், பீடி சுற்றுவோர் ஆகியோரைத் திரட்டிய அச்சங்கத்தின் செயற்குழுவில், உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட தொழிலாளிப் பெண்களே பெரும்பான்மையாக இருந்துவருகின்றனர். 1996-இல் இலா பட் பொதுச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகியபின், அவர் இல்லாமலேயே முடிவெடுக்கப் பழகியிருந்த சங்கம் தொடர்ந்து வளர்ந்து, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களை எட்டியது. அவரும் ஒதுங்கிவிடவில்லை, பிற்காலத்தில் குஜராத் வித்யாபீடத்தின் வேந்தராகப் பணியாற்றி, 2022-இல் மறைந்தார்.

அதிகம் படிக்காத பெண்களால் தணிக்கை, வருமான வரி, வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் ஆகியவற்றைச் சமாளிக்க இயலுமா என்ற எதிர்வாதம் உண்டு. சேவா 1974-இல் தொடங்கிய கூட்டுறவு வங்கியே அதற்கு விடையளிக்கிறது. நாலாயிரம் பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் பங்கு செலுத்தி உருவாக்கிய அவ்வங்கியில், கணக்கு வழக்குகளைப் பயிற்சி பெற்ற அலுவலர்கள் கவனித்தனர். கொள்கை முடிவுகளை உறுப்பினர்களின் பிரதிநிதிகள் எடுத்தனர். நிர்வாகத் திறனை ஊதியம் கொடுத்துப் பெறலாம். எந்தப் பெண்ணின் பிரச்சினையை முதலில் கையிலெடுப்பது என்ற முடிவை அவ்வாறு வெளியாரிடம் விட்டுவிடக் கூடாது.

நன்கொடையாளரும் காவல்துறையும் அதிகாரிகளும் நிறுவனரை நம்பியே உதவுகிறார்கள் என்பது மற்றொரு வாதம். அது உண்மையே, ஆனால் அந்த நம்பிக்கை ஒருவரின் தொலைபேசி எண்ணோடு நின்றுவிட்டால், அவர் நோயுற்ற நாளில் வன்முறைக்குத் தப்பி வந்த பெண்ணுக்கு அடைக்கலம் கிடைப்பது தடைப்படும். இரண்டு மூன்று ஆண்டுகள் நிறுவனரும் அடுத்து வருபவரும் சேர்ந்து பணியாற்றித் தொடர்புகளை ஒப்படைப்பதே அதற்குத் தீர்வு. பணமும் ஒரு தடைதான். நிறுவனர் ஊதியமின்றிச் செய்த வேலையை அடுத்தவரிடம் அவ்வாறே எதிர்பார்ப்பது, பெண்ணின் உழைப்பை இலவசமாகக் கருதும் பழைய மனப்பான்மையின் தொடர்ச்சியே ஆகும். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் குறைத்துவிட்டதால், தலைமைக்குரிய ஊதியத்துக்கு உள்நாட்டு நன்கொடையாளர்கள் தனியே நிதி ஒதுக்குவது இன்றியமையாததாகிறது.

எனவே, ஒவ்வொரு நிறுவனமும் தலைமைக்குக் கால வரம்பை வகுக்க வேண்டும். ஆளும் குழுவில் குறைந்தது பாதி இடங்களைத் தன் சேவையைப் பெறும் பெண்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு அளிக்க வேண்டும். விலகும் நிறுவனர் ‘ஆலோசகர்’ என்ற பெயரில் காசோலைக் கையெழுத்தையும் நியமன அதிகாரத்தையும் தம்மிடமே வைத்திருக்கக் கூடாது. அறக்கட்டளைப் பத்திரத்தைத் திருத்துவது கடினமாயின், அதற்கு முரணாகாத அளவில் அறங்காவலர்களே தீர்மானம் இயற்றி இவற்றை நடைமுறைக்குக் கொண்டுவரலாம். சட்டம் கட்டாயப்படுத்தும்வரை காத்திருப்பதற்கு, சமத்துவத்தைத் தம் நோக்கமாகவே எழுதி வைத்திருக்கும் அமைப்புகளுக்கு எந்த நியாயமும் இல்லை.