எட்டு மீட்டருக்கு அப்பால் ஒரு முகம்

தமிழில் வெளிவரும் கவிதைத் தொகுப்புகளையும் சிற்றிதழ்களையும் மேசைமேல் பரப்பி அட்டைகளை மட்டும் ஒருமுறை பாருங்கள். சுருக்கம் விழுந்த கிழவியின் முகம், பீடிப் புகைக்கு நடுவே ஒரு கிழவரின் கண், மூக்கொழுகும் சிறுவனின் சிரிப்பு. பின்னணி என்று ஒன்று இருக்காது. பச்சையோ பழுப்போ கரைந்தோடிய வண்ணக் குழம்பு இருக்கும். படம் எடுத்தவரின் பெயர் உள்ளே அச்சாகியிருக்கும். படத்தில் இருப்பவரின் பெயர் எங்கும் இருக்காது. இவற்றை மண்ணின் முகங்கள் என்று நாம் நெடுநாளாகக் கொண்டாடி வருகிறோம். இந்த அழகில் பெரும்பகுதி ஒரு லென்ஸின் அழகு. அந்த லென்ஸைத் தேர்ந்தெடுத்தபோதே, அந்தக் கிழவியோடு பேச வேண்டியதில்லை என்ற முடிவும் எடுக்கப்பட்டுவிட்டது. இது என் குற்றச்சாட்டு.

ஒளிப்படத்தில் நான் கற்றுக்குட்டி. (புகைப்படம் என்ற சொல்லை விட்டுவிட்டேன், புகைக்கும் இதற்கும் என்ன உறவு என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டபோது என்னிடம் நல்ல பதில் இல்லை.) கருவியைக் கையில் எடுத்து இரண்டு ஆண்டுகள்தாம் ஆகின்றன. கற்றுக்குட்டிக்கு லென்ஸ் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்கலாம். லென்ஸ் பற்றிய அறிவுரைகள் அத்தனையும் கற்றுக்குட்டிகளை நோக்கியே சொல்லப்படுகின்றன. அவற்றையெல்லாம் கேட்டு முடித்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

அறிவுரை எப்போதும் ஒரே தடத்தில்தான் செல்கிறது. கருவியோடு 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று வரும். அதை இழிவாகப் பேசுவது முதல் பாடம். ஒரு மாதம் கழிந்ததும் இரண்டாவது லென்ஸ் பற்றிய பேச்சு தொடங்கும். 55-250 வாங்குங்கள், முடிந்தால் 70-300 வாங்குங்கள் என்பார்கள். எதற்கு என்று கேட்டால் வரும் விடைதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது: “ஆளுக்குத் தெரியாமல் எடுக்கலாம் சார், அப்போதுதான் இயல்பாக வரும்.”

இயல்பு என்ற சொல்லை இவ்வளவு மலிவாக வேறு எந்தக் கலையிலும் யாரும் பயன்படுத்துவதில்லை. ஒரு மனிதரின் இயல்பு, அவர் தம்மை யாரும் பார்க்கவில்லை என்று நம்பும்போது மட்டும்தான் வெளிப்படுமா? அப்படியானால் நம் புனைகதையாளர்கள் திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசிக் கேட்டு எழுதியதெல்லாம் செயற்கையா? ஒருவர் நம்மைப் பார்த்துக் கூச்சப்படுவதும், முந்தானையைச் சரிசெய்துகொள்வதும், “என்னை எதுக்குப்பா எடுக்கிற?” என்று கேட்பதும் இயல்பு இல்லையா?

இனி கொஞ்சம் கணக்கு. தொடக்கநிலைக் கருவிகளில் இருக்கும் சிறிய சென்சரின் நீளம் ஏறத்தாழ 24 மி.மீ. கருவியைச் செங்குத்தாகப் பிடித்து, ஒருவரைத் தலையிலிருந்து மார்புவரை, அதாவது 60 செ.மீ. உயரத்துக்குச் சட்டகத்தில் நிரப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 மி.மீ. லென்ஸ் மாட்டியிருந்தால் அவரிடமிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்தில் நிற்க வேண்டும். 50 மி.மீ. என்றால் ஒன்றரை மீட்டருக்குள். 300 மி.மீ. என்றால் எட்டு மீட்டர். முதல் இரண்டும் இரண்டு பேர் சாதாரணக் குரலில் பேசிக்கொள்ளும் தூரங்கள். மூன்றாவது தெருவின் அந்தப் பக்கம். அங்கிருந்து பேச முடியாது, கூவத்தான் முடியும். படம் எடுப்பவர்கள் கூவுவதும் இல்லை.

ஜூம் வளையத்தைத் திருப்பினால் பொருளுக்கு அருகே போகிறோம் என்பது கற்றுக்குட்டிகளின் முதல் மயக்கம். போவதில்லை. ஒரே இடத்தில் நின்று 55இல் எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கினால், துல்லியம் குறையுமே தவிர, முன்னிருப்பதற்கும் பின்னிருப்பதற்கும் உள்ள அளவு விகிதம் 250இல் எடுத்ததைப் போலவேதான் இருக்கும். அந்த விகிதத்தை முடிவுசெய்வது நாம் நிற்கும் இடம். சட்டகத்தின் அகலத்தை மட்டுமே லென்ஸ் முடிவுசெய்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் கால்களை நகர்த்த வேண்டும். ஆகவே லென்ஸ் தேர்வு என்பது அடிப்படையில் எங்கே நிற்பது என்ற தேர்வு. இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். சொல்ல வேண்டியது அவர் வேலையும் அன்று.

அந்த வண்ணக் குழம்புக்கு வருகிறேன். நீண்ட குவியத்தூரமும் அகலத் திறந்த துளையும் சேரும்போது பின்னணி கரைகிறது. இந்தக் கரைதலுக்காகவே லென்ஸ் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ் படித்தவன் என்ற முறையில் இதில் எனக்குத் தீராத ஒவ்வாமை உண்டு. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த கவிதை மரபு நம்முடையது. அங்கே தலைவியின் துயரம் தனியே ஒரு முகத்தில் தொங்குவதில்லை. நிலமும் பொழுதும், அந்நிலத்துப் பறவையும் பூவும் மக்கள் செய்யும் தொழிலும் சேர்ந்தே துயரத்தைத் துயரமாக்குகின்றன. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணை 300 மி.மீ. லென்ஸில் எடுத்தால் என்ன கிடைக்கும்? வியர்வை வழியும் முகம், பின்னால் வெண்மையாக ஏதோ ஒன்று. அது உப்பா, வானமா, வெள்ளையடித்த சுவரா என்று யாருக்கும் தெரியாது. முதலும் கருவும் அழிந்து உரிப்பொருள் மட்டும் மிஞ்சுகிறது. அதுவும் யாருடைய உரிப்பொருள்? படம் எடுத்தவர் தம் மனத்தில் கொண்டுவந்த ‘சோகம்’ என்னும் ஒற்றைச் சொல். அதே பெண்ணை 35 மி.மீ. லென்ஸோடு இரண்டு மீட்டருக்குள் நின்று பாருங்கள். உப்பு வாரும் பலகை வரும், பாத்தியும் அம்பாரமும் வரும், தலையில் சுற்றிய துணி வரும், உடன் வேலை செய்பவள் ஏதோ கேலி சொல்லிக்கொண்டிருப்பதும் வரும். அந்தப் பெண்ணும் நம்மைப் பார்ப்பாள். பார்த்துச் சிரிக்கலாம், திட்டலாம். இரண்டும் படத்துக்கு நல்லது.

உளுந்தூர்பேட்டையை அடுத்த கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவின் நிறைவு நாள் காலையை நான் பார்த்திருக்கிறேன். முன்னிரவு அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கையர், மறுநாள் அரவான் பலியானதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளையுடுத்தி அழுகிறார்கள். அழுகை அவர்களுடையது. சுற்றிலும் நீண்ட குழல்கள். ஒப்பாரிக்கு வந்தவரைவிடப் படத்துக்கு வந்தவர் கூட்டம் அதிகமோ என்று தோன்றும். ஒருவர் மார்பில் அடித்துக்கொண்டு தரையில் சரிந்தபோது, அவரைத் தாங்கிப் பிடிக்கக் கையெட்டும் தூரத்தில் படமெடுப்போர் எவரும் இருக்கவில்லை. அத்தனை பேரும் சரியான குவியத்தூரத்தில் நின்றிருந்தார்கள். இவ்வாறு எடுக்கப்படும் படங்கள் போட்டிகளுக்குப் போகின்றன, ‘வலி’ என்று ஒற்றைச் சொல் தலைப்பு வைக்கப்படுகின்றன. தலைப்பு வைத்தவரிடம் அந்தத் திருநங்கையின் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

மறைந்திருந்து எடுப்பது புதிய பழக்கம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1916இல் பால் ஸ்ட்ராண்ட் நியூயார்க் தெருக்களில், கருவியை ஒரு பக்கம் காட்டி வேறு பக்கம் எடுக்கும்படி மாற்றியமைத்துக்கொண்டு நடந்தார். அப்படி எடுத்த படங்களில் மிகப் புகழ்பெற்றது ஒரு பார்வையற்ற பெண்ணின் படம்! வாக்கர் எவான்ஸ் 1938க்கும் 1941க்கும் இடையில் நியூயார்க் சுரங்க ரயிலில், மேலங்கிப் பொத்தான்களுக்கு இடையே லென்ஸ் எட்டிப் பார்க்க, எதிரில் அமர்ந்தவர்களை எடுத்தார். அந்தப் படங்களை 1966இல்தான் நூலாக்கினார். இவர்கள் செய்தது சரி என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் தாங்கள் மறைக்கிறோம் என்பது இவர்களுக்குத் தெரிந்திருந்தது. மறைப்பதற்கு மெனக்கெட வேண்டியிருந்தது. நம் நண்பர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. திருட்டுக்கு உரிய கூச்சத்தையும் சேர்த்தே டெலி லென்ஸ் நீக்கிவிடுகிறது.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். கார்த்தியே-பிரெஸ்ஸோனும் அனுமதி கேட்டு எடுத்தவர் இல்லையே என்பார்கள். இல்லைதான். தம் லைக்காவின் பளபளப்பான பகுதிகளைக் கறுப்பாக்கி மறைத்தவர் அவர். ஆனால் அவர் வாழ்நாளில் பெரும்பாலும் மாட்டியிருந்தது ஒரே 50 மி.மீ. லென்ஸ். அவர் எடுத்த மனிதர்கள் இருந்த அறையில், அதே தெருவில் அவரும் இருந்தார். திரும்பிப் பார்த்தால் கண்ணில் படும் தூரத்தில் நின்றார். 1948 ஜனவரி 30 அன்று, காந்தி கொல்லப்படுவதற்குச் சற்று முன்புவரை பிர்லா மாளிகையில் அவரோடு இருந்து வந்தவர் அந்த மனிதர்.

இன்னொரு வாதம் வலுவானது: அருகே போவதால் மட்டும் அறம் வந்துவிடுமா? வராது. 1936இல் கலிபோர்னியாவின் நிபோமோவில் டாரதியா லேங் ஒரு தாயையும் குழந்தைகளையும் படிப்படியாக நெருங்கிச் சென்று எடுத்தார். அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தின் அடையாளமே ஆகிவிட்டது அந்தப் படம். பெயரை அவர் கேட்கவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் 1978இல்தான் வெளியே வந்தது. தனக்கு அந்தப் படத்தால் ஒரு காசும் வரவில்லை என்ற கசப்போடு வந்தது. 1984இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமியின் படமும் அப்படியே. 105 மி.மீ. லென்ஸ், அதிகம் எட்டி நின்றும் எடுக்கவில்லை. 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகரஃபிக் அட்டையில் உலகமே பார்த்த அந்தக் கண்களுக்கு உரியவர் ஷர்பத் குலா என்று தெரிய 2002 ஆயிற்று. ஆக, கிட்டே நின்றால் பெயர் கேட்பீர்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எட்டு மீட்டரில் நின்றால் கேட்கவே மாட்டீர்கள் என்பது மட்டும் உறுதி. நான் சொல்வது அவ்வளவுதான்.

இலக்கிய நண்பர் ஒருவர் வேறு வழியில் மடக்கினார். பெயரின்மைதானே பொதுமை; அகத்திணையில் ஒருவரையும் பெயர் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கவில்லையா என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அகத்திணைத் தலைவிக்குப் பெயர் மட்டுமா இல்லை? முகமும் இல்லை. இன்னாள் என்று யாரும் அடையாளம் காண முடியாதபடி அவளுடைய அந்தரங்கம் காக்கப்படுகிறது. ஒளிப்படத்தில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். முகத்தை மயிர்க்கால் தெரியும்படி ஊருக்குக் காட்டிவிட்டுப் பெயரை மட்டும் விட்டுவிடுகிறோம். தொல்காப்பியரை இதற்குத் துணைக்கு அழைப்பது அடாவடி.

மூன்றாவது வாதத்தை என் மாணவி ஒருத்தி சொன்னாள். “சார், நீங்க கிட்டப் போய் நின்னா ‘வாங்க வாத்தியாரே’ம்பாங்க. நான் போய் நின்னா என்ன சொல்வாங்கன்னு தெரியுமா?” இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. சந்தையில் ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே தனியாகக் கருவியோடு நிற்கும் பெண்ணுக்குத் தூரம் ஒரு காப்பு. தடியடியைப் படமெடுக்கும் செய்தியாளருக்கும் அப்படியே. பறவைகளின் கதை வேறு. வேடந்தாங்கலில் கூட்டை நெருங்குவதுதான் அத்துமீறல். அங்கே 300 போதாது, 600 கேட்டாலும் நான் குறுக்கே நிற்க மாட்டேன். என் சண்டை, எந்த அச்சமும் இல்லாத நடுவயது ஆண்கள், எந்த ஆபத்தும் இல்லாத கீரைக்காரக் கிழவியிடமிருந்து எட்டு மீட்டர் தள்ளி ஒளிந்து நிற்பதைப் பற்றியது.

சரி, எதை வாங்குவது? முதலில், கூடவே வந்த 18-55ஐ இழிவாகப் பேசுவதை நிறுத்துங்கள். அதை 35இல் நிறுத்தி, வளையத்தைத் தொடாமல் ஒரு மாதம் எடுத்துப் பாருங்கள். அதன் உண்மையான குறை ஒளியில் இருக்கிறது. நீண்ட முனையில் அதன் துளை 5.6க்கு மேல் திறக்காது. 1.8 வரை திறக்கும் லென்ஸ் அதைப்போல் ஒன்பது மடங்குக்கும் கூடுதலான ஒளியை உள்ளே விடும். விளக்கு மங்கிய அடுப்படியிலும் நெசவுக்கூடத்திலும் மின்னல் விளக்கை முகத்தில் அடிக்காமல் எடுக்க அது வேண்டும். 50 மி.மீ. மலிவு, மனிதக் கண்ணுக்கு நிகர் என்று சொல்லி விற்பார்கள். அந்தப் புகழ்மொழி 24க்கு 36 மி.மீ. ஃபிலிம் காலத்தது. இன்றைய சிறிய சென்சரில் அது 75, 80 மி.மீ. போலக் குறுகிவிடும், சின்ன வீட்டுக்குள் பின்வாங்கிச் சுவரில் முதுகு இடிக்கும். சிறிய சென்சர் என்றால் 35 மி.மீ., 1.8. இரண்டாவது லென்ஸாக அது போதும். மூன்றாவதைப் பற்றி இரண்டு ஆண்டு கழித்துப் பேசலாம். ஒரு மீட்டருக்குள் போனால் மூக்கு பெரிதாகத் தெரியும் என்ற புகாருக்கு விடை எளிது: கொஞ்சம் பின்னால் வந்து, அவர் கையையும், கையில் இருப்பதையும், பின்னால் உள்ள கதவையும் சேர்த்து எடுங்கள். அந்தக் கதவுக்கும் கதை உண்டு.

இதழாசிரியர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு கோரிக்கை. அட்டைக்கு ஒரு முகத்தை யாராவது அனுப்பினால், படத்தின் அளவைக் கேட்கும் அதே மின்னஞ்சலில் அந்த முகத்துக்கு உரியவரின் பெயர், ஊர், அவர் சம்மதித்தாரா என்ற மூன்றையும் கேளுங்கள். அவருக்குச் சம்மதமானால், எடுத்தவர் பெயருக்குப் பக்கத்திலேயே அவர் பெயரையும் போடுங்கள். விடை வராவிட்டால் அந்த மாதம் அட்டையில் எழுத்து மட்டும் இருக்கட்டும்.