கேட்டை மூடும் முன்பே அளவைச் சொல்லிவிடுங்கள்

உங்கள் ஊர் ரயில்வே கேட்டை மூடிவிட்டு, சுரங்கப்பாதை அமைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தால் மூன்று கேள்விகளைக் கையில் வைத்திருங்கள். உயரம் எவ்வளவு? அகலம் எவ்வளவு? மழைத் தண்ணீர் எங்கே போகும்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் சம்மதம் சொன்ன ஊர்களில், கார் போகிறது, பைக் போகிறது, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் மட்டும் சுற்றிப் போகிறது.

மதுரை - போடி பாதை 1928-ல் போடப்பட்டது. அகலப்பாதைப் பணிக்காக 2010 டிசம்பர் இறுதியோடு மீட்டர்கேஜ் ரயில் நின்றது. 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூன் மாதம் போடி வரைக்கும் ரயில் திரும்ப வந்தது. போடிப் பக்கம் இருப்பவர்களுக்கு இடையில் 12 ஆண்டுக்கு மேல் ரயிலே இல்லை. தண்டவாளத்தைக் கடந்து தோட்டத்துக்குப் போவதும், ஆடு மாடு ஓட்டுவதும் பழகிப்போன காலம் அது. இன்று அதே இடத்தில் கடந்தால் குற்றம். ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ.1,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆகவே கேட்டும் சுரங்கப்பாதையும் எங்கே, எப்படி இருக்கின்றன என்பது முன்னைவிட இப்போது நமக்கு முக்கியம்.

கேட்டை ஏன் மூடுகிறார்கள்?

கேட்டை மூடுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆளில்லாத கேட்டுகளில் உயிர்கள் போனதால், அகலப்பாதைகளில் அவை 2019 ஜனவரியோடு நாடு முழுவதும் ஒழிக்கப்பட்டன. ஆள் இருந்தாலும் ஆபத்து இருக்கிறது என்பதைக் கடலூர் மாவட்டம் செம்மங்குப்பம் காட்டியது. 2025 ஜூலை 8 அன்று அங்கே பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது கேட் கீப்பர் உள்ள கேட்தான். ஆனால் கேட் மூடினால்தான் சிக்னல் விழும் என்ற 'இன்டர்லாக்கிங்' இணைப்பு அங்கே இல்லை. அந்த இடத்தில் சுரங்கப்பாதைக்கு முழுச் செலவையும் ஏற்று ஒப்புதல் கொடுத்திருந்தும், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி ஓராண்டாகக் கிடைக்கவில்லை என்று தெற்கு ரயில்வே அன்றே சொன்னது.

இதில் நமக்கு இரண்டு பாடம். ஒன்று, மாற்றுப்பாதையை வெறுமனே தள்ளிப்போடுவது உயிருக்கு ஆபத்து. இரண்டு, மாவட்ட ஆட்சியரின் சம்மதம் இல்லாமல் இந்தப் பணி நகராது. விவசாயியின் குரல் ஏற வேண்டிய இடம் அந்தச் சம்மதம்தான்.

மேம்பாலம் ஏன் கிடைப்பதில்லை?

"சுரங்கப்பாதை வேண்டாம், மேம்பாலம் கொடுங்கள்" என்று பல ஊர்களில் மனு எழுதுகிறோம். ரயில்வேயின் கணக்கு வேறு. ஒரு நாளில் போகும் ரயில்களின் எண்ணிக்கையை, அந்தக் கேட்டைக் கடக்கும் வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். செலவைப் பகிர்ந்து மேம்பாலம் கட்ட அந்தப் பெருக்குத்தொகை ஒரு லட்சத்தைத் தொட வேண்டும் என்பது பொது அளவுகோல். உங்கள் கேட்டில் தினம் 2,000 வாகனம் போகிறது, ரயில் நான்கு முறை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 8,000. ரயில் குறைவாக ஓடும் போடி பாதையில் கிராமத்துக் கேட்டுக்கு இந்தக் கணக்கில் மேம்பாலம் வராது. தேனி நகருக்குள் மதுரை சாலையில் மேம்பாலப் பணி நடப்பதைப் பார்த்து நம் ஊருக்கும் வரும் என்று காத்திருந்தால், கையில் இருக்கும் நேரமும் போய்விடும். வரப்போவது சுரங்கப்பாதை என்று வைத்துக்கொண்டு, அதை நமக்கு ஏற்றதாகக் கேட்டு வாங்குவதே நடைமுறைக்கு ஒத்தது.

வாகனக் கணக்கெடுப்பிலும் கவனம் வேண்டும். அது சில நாள்களே நடக்கும். வெள்ளாமை இல்லாத மாதத்தில் எண்ணினால் நெல் லாரியும், வாழைத்தார் ஏற்றும் வண்டியும், அறுவடை இயந்திரமும் கணக்கில் வராது. அந்தக் கணக்கை வைத்தே "இங்கே கனரக வாகனம் இல்லை" என்று சிறிய சுரங்கப்பாதை வரையப்படும்.

வயலுக்கு வேண்டிய அளவு

கிராமங்களில் பெரும்பாலும் அமைவது உயரம் குறைந்த சுரங்கப்பாதை. வாசலில் உயரத் தடுப்புக் கம்பி இருக்கும். அதற்குக் கீழே போகாத வண்டி எதுவோ, அதுதான் உங்கள் ஊரின் கூடுதல் செலவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுத்த வழி 3 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போக வர 6 கிலோமீட்டர். அறுப்பு நாளில் நான்கு நடை என்றால் 24 கிலோமீட்டர். டீசலும் வாடகையும் உங்கள் கையிலிருந்துதான் போகும். ஆண்டிபட்டிப் பக்கத்துப் பூ விவசாயிக்கு நேரமே விலை. விடிந்ததும் சந்தை சேராத மல்லிக்கு அன்றைய விலை கிடைக்காது.

ஆகவே ஊரில் ஓடும் பெரிய வண்டிகளை டேப் வைத்து அளந்துவிடுங்கள். வைக்கோல் ஏற்றிய டிரெய்லர் எவ்வளவு உயரம்? வாடகைக்கு வரும் அறுவடை இயந்திரம் எவ்வளவு அகலம்? சுரங்கப்பாதைக்குள் இறங்கும் இடத்தில் வளைவு இருந்தால், டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து திரும்ப இடம் போதுமா?

அடுத்தது தண்ணீர். சுரங்கப்பாதையின் தரை சுற்றியுள்ள வயலைவிடத் தாழ்வாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாலா பக்கத் தண்ணீரும் அங்கேதான் இறங்கும். பக்கத்து ஓடைக்குச் சரிவில் தானாக வடிய வழி உண்டா என்று முதலில் பாருங்கள். வழி இல்லை என்றால் மோட்டார்தான். அப்போது மின்கட்டணம் யார் கட்டுவது, பழுதானால் யார் பார்ப்பது, ரயில்வேயா ஊராட்சியா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். சாய்தளத்துக்குக் கூரை போடுவதும், நுழைவாயிலில் சாலையைச் சற்று மேடாக்குவதும் வெளித் தண்ணீரைக் குறைக்கும்.

கேட் அப்படியே இருக்கும் ஊரிலும், பாதைக்கு மேலே மின்கம்பி வந்துவிட்டால் கவனம் தேவை. அதில் ஓடுவது 25,000 வோல்ட். கேட்டின் இரு பக்கமும் 4.67 மீட்டரில் உயரத் தடுப்பு இருக்கும். வைக்கோல் போரின் மேல் ஆள் உட்கார்ந்து கடப்பதை அறவே நிறுத்துங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 16-வது பிரிவு நமக்கானது. ரயில்பாதையால் நிலத்தின் பயன்பாடு தடைபட்டால், மாநில அரசு அவசியம் என்று கருதும் கடவுப்பாதை, பாலம், வழி ஆகியவற்றை ரயில்வே தன் செலவில் அமைத்துப் பராமரிக்க வேண்டும். பாதை வருவதற்கு முன் வயலுக்குத் தண்ணீர் எப்படி வந்து வடிந்ததோ, அப்படியே தொடர்ந்து ஓட வழி விடவேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆனால் ஒரு வரம்பு இருக்கிறது. பாதை முதன்முதலில் போக்குவரத்துக்குத் திறந்து 10 ஆண்டு கடந்த பின், கூடுதல் வசதிகளை ரயில்வே செலவில் செய்யும்படி கட்டாயப்படுத்த முடியாது. அதற்குப் பின் வேண்டுமென்றால், 17-வது பிரிவின்படி கேட்பவர்தான் செலவை ஏற்க வேண்டும்.

1928-ல் திறந்த போடி பாதைக்கு அந்த 10 ஆண்டு எப்போதோ முடிந்தது என்று சொல்லிவிட இடமிருக்கிறது. அதனால்தான், இருக்கிற கேட்டை மூட நம் சம்மதம் கேட்கப்படும் நேரம் விலைமதிப்பானது. கேட் போன பிறகு கொடுக்கும் மனு வேண்டுகோள் மட்டுமே. கேட் இருக்கும்போது கொடுக்கும் மனு நிபந்தனை.

கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு இது இன்னும் பொருந்தும். லோயர்கேம்ப் முதல் பழனிச்செட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் வாய்க்கால்களை நம்பி நிற்கிறது. திண்டுக்கல்லில் இருந்து தேனி, கம்பம் வழியாக ரயில் வேண்டும் என்பது இங்கே நெடுநாள் கோரிக்கை. அது நிறைவேறினால் இங்கே பாதை புதியது. 10 ஆண்டுக் கணக்கும் புதிதாகத் தொடங்கும். எந்த வண்டிப்பாதை, எந்த மடை, எந்த வடிகால் குறுக்கே வருகிறது என்ற பட்டியல் நில அளவை நடக்கும்போதே தயாராக இருக்கட்டும்.

இப்போது செய்ய வேண்டியவை

* கேட் எண், கடக்கும் வண்டிகள், அறுவடை மாதங்கள், மறுபக்கம் உள்ள நிலப்பரப்பு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். சாகுபடிப் பரப்புக்கும் பயிர்க் காலத்துக்கும் உதவி வேளாண்மை அலுவலரிடம் விவரம் பெறுங்கள். அலுவலர்களும் கேட்கும்வரை காத்திராமல் இதைத் தொகுத்துக் கொடுத்தால் பேருதவி.

* கிராமசபையில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். "சுரங்கப்பாதை வேண்டாம்" என்று மட்டும் எழுதாமல், வேண்டிய உயரம், அகலம், வடிகால், இணைப்புச் சாலை ஆகியவற்றை எண்ணோடு எழுதுங்கள்.

* தீர்மான நகலை விவசாயிகள் குறைதீர் நாளில் ஆட்சியரிடமும், மதுரை கோட்ட ரயில்வே மேலாளர் அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

* பணியின் வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வரைபடத்தில் இல்லாதது கட்டும்போது வராது.

* மாற்றுவழி பயன்பாட்டுக்கு வந்து, ஒரு மழை பார்த்த பிறகே கேட்டை நிரந்தரமாக மூட வேண்டும் என்பதையும் நிபந்தனையாகச் சேருங்கள்.