சுவரில் உப்பு பூக்குது! பெயிண்ட் அடித்தால் போகுமா?

விருதுநகர், சிவகாசிப் பக்கம் கடை வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஐப்பசி பிறந்தால் எல்லோருக்கும் ஒரே புலம்பல்தான். "செவுத்துல உப்பு பூத்துப்போச்சு!"

உடனே என்ன செய்கிறார்கள்? பெயிண்ட் அடிக்கிறார்கள். தை பிறப்பதற்குள் அந்தப் பெயிண்ட் அப்பளமாக உப்புகிறது. பொலபொலவென்று கொட்டுகிறது. அடுத்த தீபாவளிக்கு மறுபடியும் பெயிண்ட். பெயிண்ட் கடைக்காரருக்குத்தான் இதில் லாபம்.

மேலே இருக்கிற கடைக்கே இந்தக் கதி என்றால், தரைக்குக் கீழே இருக்கிற அறைக்குக் கேட்க வேண்டுமா? நம் ஊர்க் கொத்தனாரிடம் 'பேஸ்மென்ட்' என்று சொன்னால் தரைக்கு மேலே எழுப்புகிற அடிமேடையைக் காட்டுவார். நான் சொல்வது அது அல்ல. கடைவீதியில் 'அண்டர்கிரவுண்ட்' என்று சொல்கிறோமே, அந்தக் கீழறை.

திருடன் தொடாத கட்டு

போன கார்த்திகையில் சிவகாசியில் ஓர் அச்சாபீஸின் கீழறைக்குப் போனேன். போனது திருட்டுப் புகார் விஷயமாக. மாடியில் இருந்த சாமான் போயிருந்தது. கீழே அடுக்கி வைத்திருந்த காலண்டர் கட்டுகளைத் திருடன் தொடவே இல்லை. ஏன் என்று பக்கத்தில் போய்ப் பார்த்ததும் புரிந்தது. அடிவரிசைக் கட்டுகள் எல்லாம் ஓதம் ஏறி நமுத்து, நெளிந்து கிடந்தன. சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று உப்பு. விரலால் தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது.

ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் போட்டு, ஆர்டர் பிடித்து, ஐப்பசி கார்த்திகையில் ராப்பகலாக அச்சடிக்கிறார்கள். வடகிழக்கு மழை கொட்டுவதும் அதே மாதங்களில்தான். வருஷத்தில் மற்ற நாள் எல்லாம் காய்ந்து கிடக்கிற ஊர். சரக்கு குவிந்திருக்கிற நேரம் பார்த்து ஓதம் வருகிறது!

உப்பு எங்கிருந்து வருது?

உப்பு காற்றில் வருவதில்லை. செங்கலில் இருக்கிறது. மண்ணில் இருக்கிறது. கலவை போடுகிற போர் தண்ணியிலும் இருக்கிறது. நம் பக்கம் நிறைய கிணற்றுத் தண்ணி வாயில் வைக்க முடியாத உவர். அதைத்தான் சிமெண்டில் ஊற்றுகிறோம். கட்டின பிறகு அதையே தினமும் சுவரில் தெளிக்கிறோம். தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி சுவருக்குள் ஏறுகிறது. வெளிப்புறம் வந்ததும் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு மட்டும் நின்றுவிடும். பெயிண்டுக்குப் பின்னால் நின்றால் பெயிண்டைத் தள்ளும். பூச்சுக்குள் நின்றால் பூச்சையே பெயர்க்கும்.

கரிசல் மண் இன்னொரு தொல்லை. கோடையில் சுருங்கி வெடிப்பு விடும். மழையில் ஊதி, கீழறைச் சுவரை வெளியிலிருந்து நெருக்கும். குடித்த தண்ணியைச் சீக்கிரம் விடாது.

ஒரு வேடிக்கை பாருங்கள். பழைய தொழுவச் சுவர்களில் பூத்த உப்பையும், ஊர் மண்ணில் பூத்த உப்பையும் சுரண்டிக் காய்ச்சித்தான் அந்தக் காலத்தில் வெடியுப்பு எடுத்தார்கள். பீகாரில் எடுத்த வெடியுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு போனது. வெடிமருந்தில் முக்கால் பங்கு அதுதான். சுவர் உப்பை விற்று ஒரு கம்பெனி கொழுத்தது. நாம் அதற்குப் பெயிண்ட் வாங்கியே இளைக்கிறோம்!

செய்யக்கூடாதது

உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். காய்ந்த நாளாகப் பார்த்துத் தேங்காய்நார் பிரஷ்ஷால் வறட்டுத் தேய் தேய்த்து, விழுந்த தூளை அள்ளி வெளியே கொட்ட வேண்டும். அப்படியும் விடாத இடத்தில், அச்சாகாத வெட்டுக் காகிதத்தை ஊற வைத்துக் கூழாக்கி, சுவரில் அப்பிக் காயவிட்டு உரிக்கலாம். உப்பு கூழுக்கு வந்துவிடும். வெட்டுக் காகிதத்துக்குச் சிவகாசியில் பஞ்சமா?

டைல்ஸ் ஒட்டி மறைக்கிறார்கள் சிலர். அது மகா மோசம். காற்றுப் போக வழி இல்லாமல் ஓதம் டைல்ஸைத் தாண்டி மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் இருந்த உப்பு கழுத்து உயரத்துக்கு வரும்.

ஓதம் சுவரிலிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து வருகிறதா? சந்தேகமாக இருந்தால் ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் ஈரம் இருந்தால் சுவர்தான் குற்றவாளி. முன்னால் இருந்தால் காற்றோட்டம் போதவில்லை, ஜன்னலைப் பாருங்கள்.

சுவர்தான் குற்றவாளி என்றால் வைத்தியம் வெளியே. சுவரை ஒட்டித் தோண்டி, வெளிப்பக்கம் பூசி, தார் அடித்து, ஜல்லி போட்டுத் தண்ணீரை வடிய விட வேண்டும். கூரைத் தண்ணீர்க் குழாயை சுவரடியில் விடக்கூடாது. செலவு பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். உள்ளே பூசுகிற பூச்சு எதுவும் இதற்கு ஈடாகாது. வெளி வேலை முடிந்து சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, உள்ளே சுண்ணாம்புக் காரை பூசினால் சுவர் மூச்சு விடும்.

புதுசாகக் கட்டுகிறவர்கள் செங்கல் வாங்கும்போதே சோதிக்கலாம். தட்டில் ஓர் அங்குலம் தண்ணீர் விட்டு செங்கலை நிறுத்துங்கள். தண்ணீர் வற்றியதும் மறுபடி ஊற்றி வற்ற விடுங்கள். பத்தில் ஒரு பங்குக்குள் வெள்ளை பூத்தால் பரவாயில்லை. பாதிக்கு மேல் பூத்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். இது நான் சொல்கிற கணக்கு இல்லை, இந்திய தர நிர்ணயச் சோதனையே அதுதான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றுகிற தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்றும் விதி இருக்கிறது. எத்தனை கொத்தனார் தண்ணியைச் சோதனைக்கு அனுப்புகிறார்? வாயில் ஊற்றிப் பார்த்து, "பரவால்ல தம்பி" என்கிறார்கள்.

கீழறையில் பட்டாசா?

காகிதம் நமுத்தால் காசு போகும். பட்டாசு மருந்து நமுத்தால் உயிர் போகும். அலுமினியப் பொடியில் ஈரம் பட்டால் சூடு கிளம்பும், ஹைட்ரஜன் வாயுவும் வரும். பார்க்க ஒன்றும் தெரியாது, உள்ளுக்குள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும். மிச்ச மருந்தை ராத்திரி வைக்காதே என்று விவரம் தெரிந்த போர்மேன்கள் கத்துவது சும்மா இல்லை.

கீழ்த்தளத்தில் பட்டாசுக் கடை வைக்கக்கூடாது என்று 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. தீ பிடித்தால் அங்கிருந்து புகை போகவும் வழி இல்லை, ஆள் ஓடவும் வழி இல்லை. 2016 அக்டோபர் 20-ந் தேதி சிவகாசியில் பட்டாசுக்குத் தீப்பிடித்தபோது, பக்கத்து ஸ்கேன் சென்டரில் இருந்தவர்கள் புகையில் மூச்சுமுட்டிச் செத்தார்கள். தரைக்கு மேலே இருந்த கட்டடத்திலேயே அப்படி. "பத்து நாளைக்குத்தானே" என்று கீழறையில் பெட்டி இறக்குகிற வியாபாரி இதை ஒரு தடவை நினைத்துப் பார்க்கட்டும்.

ரோடு உசருது, கடை தாழுது

கீழறையே கட்டாதவனுக்கும் கீழறை வந்துவிடுகிறது. எப்படி? ரோடு போட்டே! பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போடுகிறார்கள். இரண்டு படி ஏறிப் போன கடைக்கு இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறோம். சாக்கடைத் தண்ணீர் சுவரின் நடுமட்டத்தில் ஓடுகிறது. கொத்தனார் அடிமேடையில் போட்ட ஓதத்தடுப்பு மண்ணுக்குள் போய்விட்டது. அப்புறம் உப்பு பூக்காமல் மல்லிகையா பூக்கும்?

சுரண்டிவிட்டுத்தான் ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். அதே ஆண்டில் சிவகாசி மாநகராட்சியும் ஆனது. உங்கள் தெருவில் அடுத்த தடவை தார் லாரி வந்து நிற்கும்போது கடையை விட்டு இறங்கி வந்து கேளுங்கள், சுரண்டியாச்சா என்று. ரோடு போட்ட பிறகு மனு கொடுத்துப் பிரயோஜனம் இல்லை.

வாடகைக்காரர் சங்கதிக்கு வருவோம். வெளிச்சுவரைத் தோண்டித் தார் அடிப்பது கட்டடக்காரர் வேலை. பிரஷ் போட்டுத் தேய்ப்பதும், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிப் பலகை போட்டுச் சரக்கை ஏற்றி வைப்பதும் வாடகைக்காரர் வேலை. இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் சண்டை இல்லை.

நான் பார்த்த அச்சாபீஸ்காரர், வெளி வேலையைத் தானே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாமா என்று கட்டடக்காரரிடம் கேட்டிருக்கிறார். மறுநாள் காலையில் கட்டடக்காரர் ஆள் அனுப்பி வைத்தார். வந்தவர் கையில் பெயிண்ட் டப்பா.