மகன் கையில் ஒரு மடக்குக் கத்தி



தாயொருவர் நமக்கு மடல் வரைந்துள்ளார். அவருடைய மூத்த மகன் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி கற்றுத் தேறி, முதல் வேலைக்குச் செல்லவிருக்கிறான். அவனுடைய தாய்மாமன், "மருமகனுக்கு நல்லதொரு மடக்குக் கத்தி வாங்கித் தருகிறேன்; ஆயுள் முழுவதும் உதவும்" என்கிறாராம். தாய்க்கோ மனம் ஒப்பவில்லை. அவர்கள் வாழும் தெருவில் சில மாதங்களுக்கு முன் இளைஞர் இருவருக்கிடையே எழுந்த வாய்ச்சண்டை கத்திக்குத்தில் முடிந்ததாம். "அன்று ஒருவன் பையில் கத்தி இல்லாதிருந்தால், அது வாயோடு போயிருக்கும். என் பிள்ளையின் பையில் கத்தி இருக்கலாமா?" என்று கேட்கிறார்.

இது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய அச்சம் அன்று. பெற்ற வயிற்றின் கலக்கம் இது. ஆகவே இதை இரண்டு கேள்விகளாகப் பிரித்துக்கொள்வோம். கத்தி வைத்திருப்பது தகுமா? தகும் என்றால், எத்தகைய கத்தி?

கெத்செமனித் தோட்டத்தில் வாளை உருவிய இராயப்பரை ஆண்டவர் தடுத்தார். வெட்டுண்ட காதையும் தொட்டுக் குணமாக்கினார். சினத்தில் எடுக்கப்படும் எந்த இரும்புக்கும் அவருடைய தீர்ப்பு அதுவே. ஆனால் அதே ஆண்டவர் வளர்ந்தது தச்சராகிய சூசையப்பரின் இல்லத்தில். கூரிய கருவியின்றித் தச்சுத் தொழில் ஏது? நாள்தோறும் இரும்பைக் கையாண்ட அந்தக் கைகளில் உழைப்பு இருந்தது, பகை இல்லை. எனவே குற்றம் இரும்பில் இல்லை. எனினும் எல்லாக் கத்தியும் ஒன்றல்ல என்பதையும் நாம் மறக்கலாகாது. பணிக்கென்று செய்த கத்தி ஒன்று. பயமுறுத்தவென்று செய்த கத்தி மற்றொன்று. இரண்டையும் பிரித்தறியக் கற்றுவிட்டால் தாயின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

இரண்டு பக்கமும் கூருள்ளது, பொத்தானை அழுத்தியதும் வில் விசையால் பாய்ந்து திறப்பது, சாணளவு நீண்டது, இவை எவையும் நமக்கு வேண்டா. நம் நாட்டு ஆயுத விதிகளும் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீண்டவையோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகன்றவையோ ஆன கத்திகளை, அவை வீட்டுக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் உரியவையாய் இல்லாதபோது, ஆயுத வரிசையிலேயே வைக்கின்றன. நாம் சொல்லும் கத்தியின் அலகு மூன்று அங்குலத்துக்குள் அடங்கும். ஒரு பக்கமே கூர். அலகின் மேற்புறத்தில் நகம் பதிய ஒரு சிறு குழி இருக்கும். ஒரு கையால் பிடியைப் பற்றி, மறுகையின் நகத்தால் அலகை இழுத்தே திறக்க வேண்டும். இப்படி இரு கைகளும் சேர்ந்து நிதானமாகத் திறக்கவேண்டிய கத்தி சினத்துக்கு உதவாது. அதற்குள் மனம் ஒருமுறை சிந்திக்க இடம் கிடைத்துவிடுகிறது. அந்தத் தாய்க்கு நாம் முதலில் சொல்ல விரும்புவது இதுவே.

இனித் தரத்தைப் பார்ப்போம். நாமும் இளமையில் திருவிழாக் கடையொன்றில் பளபளக்கும் மலிவுக் கத்தி வாங்கி மகிழ்ந்தவர்களே. கரும்பு சீவும்போது அதன் அலகு திடீரென மடங்கிச் சுட்டுவிரலில் இறங்கியது. தழும்பு இன்னும் இருக்கிறது. அன்று கற்ற பாடம்: முதற்கத்தி மலிவாயிருப்பதைக் காட்டிலும் நம்பத்தக்கதாயிருப்பது மேல்.

உலகறிந்த இரண்டு கத்திகளை எடுத்துக்காட்டாகக் கூறுவோம். சுவிட்சர்லாந்தில் ஈபாக் என்னும் ஊரில் 1884-ஆம் ஆண்டு கார்ல் எல்செனர் என்பவர் கத்திப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அந்நாட்டுப் போர்வீரரின் கத்திகள் அப்போது ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தன. தம் நாட்டவர் பிழைப்புத் தேடி அயல்நாடு செல்வதைக் கண்டு வருந்திய அவர், அந்த வேலை உள்ளூரிலேயே நடக்கவேண்டும் என்று கத்தித் தொழிலாளரை ஒன்றுசேர்த்தார். 1891-இல் முதற்கத்திகளைப் படைக்கு அளித்தார். பலகருவிகள் அடங்கிய அதிகாரிக் கத்தி 1897-இல் பதிவாயிற்று. 1909-இல் இறந்த தம் தாய் விக்டோரியாவின் பெயரையே தம் பொருளுக்குச் சூட்டினார். பின்னர் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்னும் சொல்லும் அதனோடு சேர, 1921-இல் 'விக்டோரினாக்ஸ்' ஆயிற்று. தாயின் பெயர் தாங்கிய கத்தி அது என்பதை நம் மடல் வரைந்த அன்னையார் அறிந்தால் சற்று மகிழ்வார் அல்லவா?

மற்றொன்று பிரான்சு நாட்டுச் சவாய் மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் என்பவர் செய்யத் தொடங்கிய கத்தி. மரப்பிடியும் ஓர் அலகும் மட்டுமே கொண்ட எளிய உழவர் கத்தி. அதன் அலகில் முடிசூடிய கையொன்று பொறிக்கப்பட்டிருக்கும். ஆசி வழங்குவதுபோல் விரல் நீட்டிய அந்தக் கை, அண்மையிலுள்ள சேன்-ழான்-த-மோரியேன் நகரின் சின்னத்திலிருந்து வந்தது. திருமுழுக்கு அருளப்பரின் விரல்கள் என்று வழிவழியாகப் போற்றப்படும் திருப்பண்டம் அந்நகரப் பேராலயத்துக்கு உரியது. 1955 முதல் இக்கத்தியின் கழுத்தில் சுழலும் உலோக வளையம் ஒன்று பொருத்தப்படுகிறது. கத்தியைத் திறந்தபின் வளையத்தைத் திருப்பிவிட்டால் அலகு விரல்மேல் மடங்காது.

எந்தக் கத்தியானாலும் வாங்குமுன் பார்க்கவேண்டியவை சில. திறந்த கத்தியின் அலகை நுனிவிரல்களால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருத்தல் ஆகாது. மூடினால் அலகு பிடியின் நடுவே உட்கார வேண்டும். ஒரு பக்கம் உரசினால் வேறொன்றை எடுங்கள். கூர் அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் நோக்குங்கள். வளையமோ பூட்டோ இருந்தால், அது உறுதியாகப் பற்றுகிறதா என்று பாருங்கள். பூட்டு இல்லாத கத்தியில் முதுகுவில்லே அலகைத் தாங்கும். அதனால் அறுக்கலாம், குத்தித் துளைத்தல் கூடாது.

எஃகில் இரு வகை உண்டு. கரிம எஃகு எளிதில் கூராகும். ஆனால் எலுமிச்சையும் மாங்காயும் பட்டால் கறுக்கும், ஈரம் பட்டால் துருவேறும். குரோமியம் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகு இவற்றைத் தாங்கும். கடலோரப் பங்குகளில் வாழ்வோரும், வியர்வையோடு உழைப்போரும் இரண்டாவதையே தேர்க. மிகக் கடினமான எஃகை வீட்டுச் சாணைக்கல்லில் தீட்டுவது அரிது. தொடக்கத்தில் மிதமான கடினமே நன்று. மரப்பிடியுள்ள கத்தி அடைமழைக் காலத்தில் மரம் ஊறி, திறப்பதற்கு இறுகும் என்பதையும் மனத்தில் கொள்க.

நம் இளைஞன் மின்பணியாளன் ஆகையால் தனியாக ஒரு சொல். சட்டைப்பைக் கத்தியின் பிடி மின்சாரத்தைத் தடுக்கும்படி செய்யப்பட்டதன்று. மின்னோட்டமுள்ள கம்பியருகே அதைக் கொண்டுபோகவே கூடாது. கம்பியின் உறையை உரிக்க அதற்கென்றுள்ள கருவி இருக்கிறது. கத்தியால் உரித்தால் செம்பிலும் வெட்டு விழும். பெட்டி திறக்கவும், கயிறு அறுக்கவும், பென்சில் சீவவும், நண்பகலில் ஒரு கொய்யாப்பழத்தைத் தோழரோடு பகிர்ந்து உண்ணவும் கத்தி போதும்.

மழுங்கிய கத்தி ஆபத்தற்றது என்று பல தாய்மார் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. மழுங்கிய கத்தியை அழுத்தவேண்டியிருப்பதால் அது வழுக்கிக் கையில் பாயும். சாணைக்கல்லை நனைத்து, அலகை ஏறத்தாழ இருபது பாகை சாய்த்து, இரு பக்கமும் சமமாகத் தீட்ட வேண்டும். கூரைத் தாளில் சோதிக்க வேண்டும், கட்டைவிரலில் அன்று. பழம் அறுத்தபின் கழுவி, ஈரம் துடைத்து, மாதம் ஒருமுறை கீல் மூட்டில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுக.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள் நம் வீட்டு மூத்தோர். இதில் மூடநம்பிக்கையை விட்டுவிடுவோம். அடங்கியுள்ள எச்சரிக்கையை வைத்துக்கொள்வோம். மடக்குக் கத்தியை மூடியே கொடுக்க வேண்டும். உடலுக்கு எதிர்ப்புறமாகவே அறுக்க வேண்டும். கூட்டத்திலும் விளையாட்டிலும் அதைத் திறத்தலாகாது. வானூர்தியில் செல்வோர் அதைக் கைப்பையில் வைத்தல் கூடாது; நீதிமன்றம் போன்ற இடங்களுக்கு வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்க.

இறுதியாக அந்தத் தாய்க்கு ஒரு விண்ணப்பம். தாய்மாமன் வாங்கட்டும், கொடுப்பது நீங்களாயிருங்கள். மகனை அருகே உட்காரவைத்து, உங்கள் தெருவில் நடந்ததையும் உங்கள் அச்சத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். "சினம் வந்தால் இதை வீட்டில் வைத்துவிட்டுப் போ, குடித்தவரோடு நிற்கும் இடத்துக்கு இதைக் கொண்டுபோகாதே" என்று கேட்டு, அவனுடைய வாக்கைப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த வாக்கைத் தர அவன் தயங்கினால், கத்தி இன்னும் சில காலம் அலமாரியிலேயே இருக்கட்டும். அதில் இழிவு ஒன்றுமில்லை. தந்தால், அவன் நெற்றியில் சிலுவை வரைந்து அதை அவன் கையில் வையுங்கள். பிள்ளைகளை நம்பத் தொடங்கும் நாள் ஒவ்வொரு வீட்டிலும் வரத்தான் வேண்டும். அந்த நாள் உங்கள் இல்லத்தில் ஒரு சிறு கத்தியோடும் ஒரு நல்ல வாக்கோடும் வருவதாக.