லாரி கேபினில் நீல வெளிச்சம்... அழகா? ஆபத்தா?

இரவு பத்து மணிக்கு மேல் சேலத்தில் இருந்து நாமக்கல் வழியாகக் கரூர் போகும் பஸ்ஸில், இடது பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். பஸ் ஒரு லாரியை முந்தும். ஒரு சில நொடிகள் லாரியின் கேபின் ஜன்னல் கண்ணுக்கு நேராக வரும். உள்ளே கூரை ஓரமாக நீல நிற எல்.இ.டி. பட்டை. முன் கண்ணாடியின் மேல் விளிம்பில் ஓடி ஓடி எரியும் சீரியல் விளக்கு. டேஷ்போர்டில் முருகன் படத்தைச் சுற்றிச் சிவப்பு. நடுவில் நீல முகத்தோடு டிரைவர்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஒரு சின்னத் திருவிழா சக்கரம் வைத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி! ஆனால் அது வெளியே இருந்து பார்ப்பவருக்கு. உள்ளே இருந்து வெளியே பார்க்க வேண்டியவருக்கு என்ன தெரிகிறது? யாரும் கேட்காத கேள்வி இது.

ஏன் போடுகிறார்கள்?

முதலில் டிரைவர் பக்க நியாயம். காரில் போகிறவருக்கு கார் ஒரு வாகனம், அவ்வளவுதான். லாரி டிரைவருக்கு கேபின்தான் வீடு. வட இந்தியாவுக்கு லோடு ஏற்றிப் போனால் ஊர் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். சமையல், தூக்கம், சாமி கும்பிடுவது, வீட்டுக்குப் போன் பேசுவது எல்லாம் அந்தச் சின்ன இடத்தில்தான். முன்பு பக்கத்தில் கிளீனர் இருந்தார், செகண்ட் டிரைவர் இருந்தார். இப்போது பல லாரிகளில் ஒரே ஆள். இருட்டில், தனியாக, மணிக்கணக்கில் ஓட்டுகிற மனிதனுக்குக் கொஞ்சம் நிறமும் வெளிச்சமும் துணையாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. நம் ஊர் லாரிகள் பல காலமாக வெறும் சேஸிஸாகத்தான் கம்பெனியில் இருந்து வந்தன. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பட்டறைகளில்தான் பாடி கட்டி, கேபின் கட்டி, பெயின்ட் அடித்து, பெயர் எழுதி முழு லாரி ஆக்கினார்கள். அலங்காரம் அந்தத் தொழிலோடு கூடப் பிறந்தது. "லைட் எல்லாம் கழற்று" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். அந்த வண்டியில் வாழாதவர்கள் சொல்கிற சுலபம்.

சரி, நியாயம் இருக்கிறது. ஆபத்தும் இருக்கிறதா? இருக்கிறது.

கண் செய்கிற வேலை

பத்தாம் வகுப்பு அறிவியலை மறந்தவர்களுக்காக ஒரு சின்ன நினைவூட்டல். விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. பகலில் நிறம் பார்ப்பவை கூம்புச் செல்கள். மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்பவை குச்சிச் செல்கள். குச்சிச் செல்களில் ரோடாப்சின் என்ற பொருள் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது சிதையும், இருட்டில் மெல்ல மெல்லத் திரும்பவும் சேரும். முழுதாகச் சேர ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். படம் ஆரம்பித்த பிறகு தியேட்டருக்குள் நுழைந்து, யாரோ ஒருவர் மடியில் உட்காரப் போனவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

இந்தக் குச்சிச் செல்கள் எல்லா நிறத்துக்கும் ஒரே மாதிரி அசைந்து கொடுப்பதில்லை. 500 நானோமீட்டர் பக்கத்தில், அதாவது நீலம் பச்சையாக மாறுகிற இடத்தில்தான் அவற்றுக்கு உணர்வு அதிகம். ஆழ்ந்த சிவப்பு அவற்றுக்கு அநேகமாகத் தெரியவே தெரியாது. சாயங்காலம் இருட்டும்போது செம்பருத்திப் பூ கறுத்துப்போய், இலை மட்டும் வெளிறித் தெரிவதற்குக் காரணம் இதுதான். செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்யே 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார். நீர்மூழ்கிக் கப்பல்களில் இரவில் சிவப்பு விளக்கு போட்டதும் இந்தக் கணக்கில்தான். உள்ளே படிக்கவும் வேண்டும், வெளியே இருட்டைப் பார்க்கும் கண்ணும் கெடக் கூடாது.

லாரிக் கேபினில் அதிகம் விற்பது எந்த நிறம்? நீலம்! இரவுப் பார்வையை அதிகம் கெடுக்கிற பக்கத்து நிறம். போதாக்குறைக்கு நீல ஒளி கண்ணுக்குள் அதிகம் சிதறும். விழித்திரையில் சரியாகக் குவியாமல் சற்று முன்னாலேயே குவியும். அதனால்தான் கடைகளின் நீல நியான் எழுத்துக்கள் தூரத்தில் இருந்து பார்த்தால் கலங்கித் தெரிகின்றன. வயது ஏற ஏற இது இன்னும் மோசமாகும். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு 20 வயதில் போன வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. ஸ்டீயரிங் பிடிக்கிற எல்லோரும் இருபது வயதுக்காரர்கள் இல்லை.

அப்படியானால் சிவப்பு போட்டால் பிரச்சினை தீர்ந்ததா? அதுவும் இல்லை. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை மறைந்துவிடும். பில்லில் அடித்த சிவப்பு முத்திரை தெரியாது. தவிர, லாரி ஓட்டுகிறவர் முழு இருட்டைப் பார்ப்பதில்லை. தன் ஹெட்லைட் வெளிச்சத்தைப் பார்க்கிறார், எதிரே வருகிறவர் அடிக்கிற ஹை பீமையும் பார்க்கிறார். அவர் கண் நீர்மூழ்கிக் கப்பல்காரர் அளவுக்கு இருட்டுக்குப் பழகி இருக்காது. ஆக, நிறம் இரண்டாவது விஷயம். எவ்வளவு வெளிச்சம், எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் விஷயம்.

கண்ணாடியில் ஓடும் இன்னொரு சாலை

இரவில் வீட்டு ஜன்னல் பக்கம் நின்று பாருங்கள். அறையில் விளக்கு எரிந்தால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும், தெரு தெரியாது. விளக்கை அணைத்தால் தெரு தெரியும். லாரியின் முன் கண்ணாடிக்கும் அதே விதி. கண்ணாடி தன் மேல் நேராக விழும் வெளிச்சத்தில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், சாய்வாக விழுந்தால் இன்னும் அதிகம். பகலில் இது யார் கண்ணிலும் படாது. இரவில் வெளியே இருப்பது இருட்டு. அந்த இருட்டின் மேல் உள்ளே இருக்கும் நீலப் பட்டையின் பிம்பம் ஒரு மெல்லிய திரை மாதிரிப் படிந்து நிற்கும்.

அந்தத் திரைக்குப் பின்னால் என்னவெல்லாம் இருக்கலாம்? பின் விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர். பஞ்சர் ஆகி ரோட்டோரம் நிற்கும் இன்னொரு லாரி. கறுப்புச் சட்டை போட்டு சைக்கிள் மிதித்து வரும் ஒரு ஆள். இவர்களில் யாருக்கும் பளிச் என்று தெரிகிற வசதி கிடையாது.

நான்கு வழிச் சாலையில் சரக்கு வாகனத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகும். பார்ப்பது அரை நொடி தாமதமானால் 11 மீட்டர். ஏறக்குறைய ஒரு பெரிய லாரியின் நீளம்! முன்னால் நிற்கிற வண்டியைத் தொடாமல் நிற்பதற்கும் அதற்குள் புகுந்து நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் சில நேரம் அவ்வளவுதான்.

"எதிரே வருகிறவன் அடிக்கிற லைட்டை விடவா இது பெரிது?" என்று ஒரு வாதம் உண்டு. எதிரே வருகிறவர் சில நொடிகளில் கடந்து போய்விடுவார். கேபின் விளக்கு விடிய விடிய கூடவே வரும். அதுதான் வித்தியாசம்.

நீலம் தூக்கத்தைக் கலைக்குமே?

இதுதான் நீல விளக்குக்காரர்களின் பெரிய ஆயுதம். இதில் உண்மையும் இருக்கிறது. கண்ணில் பார்வைக்கு அல்லாமல் உடல் கடிகாரத்துக்கென்றே சில செல்கள் உண்டு. அவை நீல ஒளிக்கு அதிகம் அசையும். நீலம் பட்டால் மெலடோனின் சுரப்பது குறையும், தூக்கம் தள்ளிப் போகும்.

பிரான்சின் போர்டோ நகர ஆய்வாளர்கள் இதைச் சாலையிலேயே சோதித்து, 2012இல் பிளோஸ் ஒன் இதழில் வெளியிட்டார்கள். 48 ஆண்கள், இரவில் 400 கி.மீ. ஓட்டினார்கள். ஒரு இரவு நீல விளக்கோடு, ஒரு இரவு காபியோடு, ஒரு இரவு காபின் இல்லாத காபியோடு. ஒன்றும் இல்லாத இரவில் வண்டி கோட்டைத் தாண்டியது சராசரியாக 26 தடவை. நீல விளக்கில் 15 தடவைக்குச் சற்றுக் குறைவு. காபியில் 12, 13 தடவை.

விளக்கு வேலை செய்கிறது என்று சொல்லலாம். ஆனால் மீதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த 48 பேரில் 8 பேர் நீல விளக்கு கண் கூசுகிறது என்றார்கள், அவர்களைக் கணக்கில் இருந்தே எடுத்துவிட்டார்கள். ஆறில் ஒருவருக்குக் கண் கூசுகிற மருந்தை லாரி டிரைவர் கையில் கொடுக்க முடியுமா? மேலும் நீல விளக்கு செய்ததைக் காபியும் செய்தது. காபி கண்ணாடியில் பிம்பமாகத் தெரியாது!

பிரிட்டனின் சாலை விதிப் புத்தகம் தூக்கம் வரும் டிரைவருக்குச் சொல்வது ரொம்ப எளிமையானது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்து, இரண்டு கப் காபி குடி, குறைந்தது 15 நிமிடம் தூங்கு. நம் ஊர் டீக்கடை பெஞ்சும் கயிற்றுக் கட்டிலும் இதைத்தான் பல காலமாகச் செய்துகொண்டிருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108ஆவது விதி, வண்டியின் முன்பக்கம் சிவப்பு விளக்கு காட்டக் கூடாது என்கிறது. ஆனால் வண்டிக்கு உள்ளே எரியும் விளக்குக்கு விலக்கு உண்டு. படிக்கும் விளக்குக்குக் கொடுத்த அந்த விலக்குக்குள் திருவிழாவே நுழைந்துவிட்டது. முன் கண்ணாடியோடு ஒட்டி, வெளியே பார்த்து மினுக்குகிற சிவப்பு நீல விளக்கு உள் விளக்கா, வெளி விளக்கா? தூரத்தில் பார்த்து ஆம்புலன்ஸ் என்று ஒதுங்குகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

இன்னொரு சட்டமும் 2025 வரை இருந்தது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்றது அது. நெடுந்தூர வண்டி என்றால் உரிய அனுமதியோடு நாளுக்கு 10, வாரத்துக்கு 54 வரை போகலாம் என்று இருந்தது. தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டியிருந்தது. எத்தனை லாரிகளில் இது நடந்தது என்று எந்த டீக்கடையிலும் கேட்டுப் பார்க்கலாம்.

கணக்குப் பார்த்தால்...

காமர்ஸ் படிக்கிறவர்களுக்குப் பழக்கமான பார்வையில் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவு. எல்.இ.டி. பட்டை சில நூறு ரூபாய். செகண்ட் டிரைவர் என்றால் மாதா மாதம் சம்பளம், போகிற இடமெல்லாம் படி. வழியில் ஒரு இரவு நிறுத்தித் தூங்கினால் லோடு லேட், வாடகையில் பிடித்தம். ஆக, தூக்கத்தை விரட்ட மிக மலிவான சாமான் விளக்குதான். அந்த மலிவு யாருக்கு லாபம்? லோடு சீக்கிரம் கேட்கிறவருக்கு. நஷ்டம் வந்தால் யாருக்கு? ஸ்டீயரிங்கில் இருப்பவருக்கு, எதிரே வந்தவருக்கு. லாபம் ஒருவர் கணக்கிலும் செலவு இன்னொருவர் உயிரிலும் எழுதப்படுகிற வியாபாரம் இது. 2022ஆம் ஆண்டு மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். எல்லாம் கேபின் விளக்கால் வந்ததல்ல. ஆனால் சாலை எவ்வளவு சின்னத் தவறைக்கூட மன்னிப்பதில்லை என்று அந்த எண் சொல்கிறது.

என்ன செய்யலாம்?

விளக்கைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. நாலு காரியம் போதும்.

ஒன்று, முன் கண்ணாடியிலும் டேஷ்போர்டு மேலும் எந்த விளக்கும் வேண்டாம். கால் வைக்கும் இடத்திலோ சீட்டுக்குப் பின்னாலோ, பல்பு நேராகக் கண்ணில் படாமலும் கண்ணாடியில் விழாமலும் இருக்கட்டும்.

இரண்டு, ஓடும்போது எரிய வேண்டும் என்றால் மங்கலான சிவப்பு அல்லது ஆரஞ்சு. மினுக்கக் கூடாது. குறைக்கக் கூட்ட ஒரு திருகு வைத்துக்கொள்ளலாம்.

மூன்று, நீலமும் சீரியல் விளக்கும் ஹேண்ட் பிரேக் போட்டால் மட்டும் எரியும்படி ஒயரிங் செய்யலாம். பட்டறை எலக்ட்ரீஷியனுக்கு இது ஒரு ரிலே வேலை. வண்டி நின்றால் திருவிழா, ஓடினால் இருட்டு. சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான்கு, இதுதான் பெரியது. புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் 2025 முதல் ஏ.சி. கட்டாயம் ஆகிவிட்டது. கேபின் என்பது ஒரு மனிதன் வேலை செய்யும் இடம் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரி. அடுத்தது தூக்கம். பயமில்லாமல் வண்டியை நிறுத்தித் தூங்க இடம், தூங்கியதற்காகப் பிடித்தம் செய்யாத வாடகை.

விளக்கு மட்டும் பார்த்து அபராதம் போடுகிறவர்கள் பாதிப் பிரச்சினையைத்தான் பார்க்கிறார்கள். தூக்கம் வராமல் இருக்க ஒரு மனிதன் தன் கண்ணையே கெடுத்துக்கொள்கிறான் என்றால், கேட்க வேண்டிய கேள்வி விளக்கைப் பற்றியது மட்டும் அல்ல. அவனை ஏன் தூங்க விடவில்லை என்பதும்தான்.

அடுத்த முறை இரவு பஸ்ஸில் போகும்போது நீல வெளிச்சத்தோடு ஒரு லாரி பக்கத்தில் வந்தால், விளக்கை ரசித்துவிட்டு ஒரு நொடி அந்த டிரைவரின் கண்ணையும் பாருங்கள். அந்தக் கண்ணை நம்பித்தான் அந்தச் சாலையில் எல்லோரும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.